விடுதலைக்கு மேல் ஓர் அப்பீல்

எழும்பூர் போலீஸ் கோர்ட்டில் விடுதலையாகி வந்த கெங்கம்மாவுக்கு ராயப்பேட்டை மீன் கடைத்தெருவில் திடீரென்று மவுசு கூடிவிட்டது. அவள் கூடையைச் சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் மீன் வாங்க வந்தவர்கள். மீதிப் பேர் ஜரிகை கடத்திய பொம்பளை எப்படி இருப்பாள் என்று பார்க்க வந்தவர்கள். இரண்டு கூட்டத்துக்கும் அவள் ஒரே குரலில்தான் பதில் சொன்னாள்.

"இன்னா கெங்கம்மா, இந்த வஞ்சிரத்துல ஜரிகை கீதா?" என்று கேட்டான் ஒரு ஜட்கா வண்டிக்காரன்.

"வயித்தக் கிழிச்சுப் பாரு நைனா. இருந்தா உம் பொண்டாட்டி பொடவைக்கு வச்சுக்கோ. இல்லாங்காட்டி கிழிச்ச மீனுக்குத் துட்ட வச்சுட்டுப் போ."

சிரிப்பு அடங்குவதற்குள் ஒரு போலீஸ்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் முன்னால் நின்றார். கையில் காகிதம். எப்போதும் மீனை எடுத்துக்கொண்டு துட்டை மறந்துவிட்டுப் போகிறவர்தான். அன்று மீன் பக்கம் அவர் கண் போகவில்லை.

"எழுந்திரு கெங்கம்மா. உன் பேருக்கு வாரண்டு வந்திருக்கு."

"எதுக்கு?"

"அதே கேசுதான்."

"அந்தக் கேசுலதான் உட்டுட்டாங்களே."

"விட்டது தப்புன்னு சர்க்கார் மேல்கோர்ட்டுல அப்பீல் போட்டிருக்கு."

"உட்டது யாரு? நானா என்னை உட்டுக்கினேன்? கோர்ட்டு சர்க்கார் கோர்ட்டு, மாஜிஸ்டிரேட்டு சர்க்கார் ஆளு. அவரு உட்டது தப்புன்னா அவரப் போய்ப் புடி. எம் பேருல எதுக்கு வாரண்டு?"

போலீஸ்காரர் காகிதத்தை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். அவள் கேட்டதற்குச் சட்டம் படித்த எத்தனையோ பேருக்கும் பதில் தெரியாது. தண்டனை பெற்றவன் மேல்கோர்ட்டுக்குப் போய் முறையிடுவது எல்லாருக்கும் புரியும். சிறைக்குப் போகிறவன் அவன். ஆனால் பியூன்களும் இன்ஸ்பெக்டர்களும் பிராசிக்யூட்டரும் கஜானாவும் தன் பக்கம் இருந்தும் ஒரு மீன்காரியிடம் தோற்ற சர்க்கார், "எங்களுக்கு இன்னொரு தடவை ஆட வேண்டும்" என்று கேட்கலாம். கேட்டவுடன், விடுதலையான ஆளைத் திரும்பப் பிடித்து அடைத்து வைக்கலாம். அதற்கு ஒரு செக்‌ஷன் இருக்கிறது. விடுதலை என்ற சொல்லை இந்தச் சட்டம் எந்த அர்த்தத்தில் வைத்துக்கொண்டிருக்கிறது என்பதைக் கெங்கம்மா அன்று கடைத்தெருவில் கூடையை மூடிக்கொண்டே தெரிந்துகொண்டாள்.

இது 1934ஆம் வருஷத்துச் சங்கதி. கெங்கம்மாவுக்கு அப்போது நாற்பதைத் தாண்டியிருக்கும். ஊர் பாலவாக்கம் குப்பம். புருஷன் பக்கிரி கட்டுமரத்தில் போகிறவன். வாயைத் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதை யாரும் கேட்டதில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்துக் கெங்கம்மாவே பேசிவிடுவாள். விடியும் முன்னே குப்பத்தில் கூடையைத் தூக்கினால் திருவான்மியூர், அடையாற்றுப் பாலம், மயிலாப்பூர் என்று நடந்து ராயப்பேட்டையில் இறக்குவாள்.

மயிலாப்பூரில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் மீன் கூடை நுழையக் கூடாது என்று எழுதாத கட்டளை ஒன்று இருந்தது. மற்ற பெண்கள் வெயிலில் சுற்றிக்கொண்டு போவார்கள். கெங்கம்மா ஒரு சித்திரை மாதம் நேராகவே நடந்தாள். ஒரு வீட்டு வாசலிலிருந்து பெரியவர் ஒருவர் எழுந்துவந்து மறித்தார்.

"ஏண்டி, மீனைத் தூக்கிண்டு இந்தத் தெருவுல வரயே, உனக்குப் பயமில்லையா?"

"தெரு யாருது சாமி?"

"யாருதா இருந்தா நோக்கென்ன? கோயில் தெருடி இது."

"கார்ப்பரேசன் வெளக்கு எரியுது, கார்ப்பரேசன் பைப்பு கீது. கடைத்தெருவுல கூடைய இறக்க நானும் கார்ப்பரேசனுக்கு வரி குடுக்கறேன். மீனு செத்துப்போச்சு, நடக்காது. நான்தான் நடக்கறேன். வழிய உடு."

அவர் வழியை விட்டார். மறுநாளிலிருந்து நாலைந்து பெண்கள் அவள் பின்னால் அந்தத் தெரு வழியாகவே வந்தார்கள். அவள் எப்படிப்பட்டவள் என்று தெரிய இது போதும். இனி வழக்குக்கு வருகிறேன்.

மீன்காரப் பெண்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி வீட்டுக் கட்டுமரம் வெறும் வலையோடு கரை சேர்ந்தால், அன்று அவள் சும்மா இருக்க வேண்டியதில்லை. உடம்புக்கு முடியாத இன்னொருத்தியின் கூடையை எடுத்துக்கொண்டு போய் விற்கலாம். விற்றதில் அவளுக்கும் பங்கு. ஆனால் அப்படி எடுத்துப் போகும் கூடையை வழியில் கிளறக் கூடாது. மேலே தெரியும் மீனோடு சரி. கிளறினால் நல்ல மீனை மாற்றிவிட்டாள் என்று சண்டை வரும், அதற்காக எப்போதோ செய்த ஏற்பாடு. நாளடைவில் அதன் மேல் சாமி வந்து உட்கார்ந்துகொண்டது. அடுத்தவள் கூடையைக் கிளறினால் கிளறியவள் வீட்டு வலை கிழியும் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். காரணத்தோடு பிறந்த ஏற்பாட்டின் மேல் சாமியை ஏற்றி வைத்துவிட்டால், அப்புறம் யாரும் காரணத்தைக் கேட்பதில்லை. அந்தச் சாமிக்குப் பின்னால் எந்த அயோக்கியனும் வந்து ஒளிந்துகொள்ளலாம்.

ஒருவன் வந்து ஒளிந்துகொண்டும் இருந்தான். பிரெஞ்சு ஜரிகைக்கு நம் துறைமுகத்தில் சர்க்கார் கனத்த தீர்வை போட்டிருந்தது. புதுச்சேரியோ பிரெஞ்சுக்காரன் ஊர். அங்கே இறங்கும் ஜரிகை கட்டுமரத்தில் ஏறிப் பாலவாக்கத்துக்கு வரும். அங்கிருந்து கருவாட்டுக்கு அடியில் படுத்து, பெண்களின் தலைமேல் ஏறிப் பட்டணத்துக்குள் போகும். கருவாட்டுக் கூடையை எந்தச் சுங்கக்காரன் முகர்ந்து பார்ப்பான்? சுமக்கிறவளும் கிளற மாட்டாள். இதைவிடப் பத்திரமான வண்டி கிடைக்குமா?

அன்று பக்கிரியின் மரம் வெறுமையாக வந்தது. பக்கத்துக் குடிசை முத்தம்மா, கைக்குழந்தைக்காரி, தலை சுற்றுகிறது என்று படுத்திருந்தாள். அவளுடைய கருவாட்டுக் கூடையைக் கெங்கம்மா தூக்கினாள்.

"இன்னாடி, கல்லு வச்சிக் கீறியா? கழுத்து உள்ள போவுது."

"உப்பு சாஸ்தி அக்கா இந்தத் தபா."

பேச்சு அவ்வளவுதான். அடையாற்றுப் பாலம் தாண்டியதும் சுங்க இலாகாப் பியூன்கள் மறித்துக் கூடையைக் கொட்டினார்கள். யாரோ துப்புச் சொல்லியிருந்தார்கள். கருவாட்டுக்கு அடியில் மெழுகுத்துணியில் சுற்றிய பொட்டலங்கள் இருந்தன. ஒன்றைப் பிரித்தபோது வெயிலில் பளபளவென்று மின்னியது. கெங்கம்மா வாழ்நாளில் அவ்வளவு ஜரிகையை ஒரே இடத்தில் பார்த்ததில்லை.

அவள் பக்கம் வழக்கை நடத்தியவர் உமர் ஃபாரூக், ராயப்பேட்டையில் இருந்த இளம் வக்கீல். அவர் வீட்டுக்கு வாடிக்கையாக மீன் போடுகிறவள் கெங்கம்மா. சாமான் கடத்தல் சாமான் என்று தெரிந்தே சுமந்தால்தான் குற்றம், தெரியாமல் சுமந்தால் குற்றம் இல்லை என்று சட்டம் சொல்கிறது. ஆகவே கனம் தெரியவில்லை என்று சொல்லிவிடும்படி வக்கீல் அவளுக்குச் சொல்லி வைத்தார்.

"அது எப்டி சாயபு? கூடை இருந்தது என் தலை மேல. கனம் தெரியலன்னா எவன் நம்புவான்?"

"நம்புறதும் நம்பாததும் மாஜிஸ்டிரேட் பாடும்மா."

"பொய் சொன்னா ஒண்ணு சொல்லணும், அப்பறம் அத்தக் காப்பாத்த ஒம்போது சொல்லணும். எனக்கு அவ்ளோ ஞாபகம் பத்தாது."

மாஜிஸ்டிரேட் கேட்டபோது, கனமாக இருந்தது, கேட்டேன், உப்பு என்றாள், தூக்கி வந்தேன் என்று உள்ளதைச் சொன்னாள். யார் கூடை என்று கேட்டார். அதை மட்டும் சொல்ல மாட்டேன் என்றாள். குப்பம்மா என்கிற வயதான மீன்காரியும் இன்னொருத்தியும் கூண்டில் ஏறி, கூடையைக் கிளறாத வழக்கத்தைப் பற்றிச் சாட்சி சொன்னார்கள். சந்தேகம் இருக்கிறது, ருசு இல்லை என்று மாஜிஸ்டிரேட் விடுதலை செய்தார். அந்த விடுதலையின் மேல்தான் இப்போது அப்பீல்.

வாரண்டில் பிடிபட்டவளை வக்கீல் ஜாமீனில் எடுத்தார். அவள் குப்பம் திரும்பியதும் முத்தம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அழுதபடி வந்தாள்.

"அக்கா, நான் போய்ச் சொல்லிடறேன்."

"இன்னான்னு?"

"கூடை என்னுதுன்னு."

கெங்கம்மா அவளை உற்றுப் பார்த்தாள். "உள்ள இன்னா இருந்துச்சுன்னு உனக்குத் தெரியுமாடி?"

முத்தம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "தெரியும். எங்க வூட்டுக்காரு போற மரம் மயிலாப்பூரு ஜரிகைக்கடை தணிகாசலத்தோடது. கூடையில வைக்கலன்னா மரத்தப் புடுங்கிக்குவோம்னாரு அவரு கணக்கப்புள்ள அங்கமுத்து. அன்னிக்கி பியூனுங்க நிக்கறாங்கன்னு காதுல உழுந்துச்சு. பயந்துபோய்த் தலை சுத்துதுன்னு சொல்லிட்டேன்."

கெங்கம்மா ஓங்கி ஓர் அறை விட்டாள். குழந்தை வீறிட்டது. உடனே அதைத் தன் கையில் வாங்கித் தட்டிக் கொடுத்தாள்.

"அடிக்கணும்னு தோணுச்சு, அடிச்சேன். அத்தோட தீந்துச்சு. கோர்ட்டுக்கு மட்டும் போவாத. நீ போனா உன்னையும் புடிப்பான், என்னையும் உட மாட்டான். நாம ரெண்டு பேரும் உள்ள குந்திக்கினு இருப்போம், தணிகாசலம் வெளிய தேரு இழுத்துக்கினு இருப்பான்."

அவள் சொன்னது வெறும் கோபப் பேச்சு இல்லை. தணிகாசலம் மயிலாப்பூரில் பெரிய மனுஷன். கோயில் வாகனத்துக்கு வெள்ளித் தகடு அடித்துக் கொடுத்தவன். உற்சவத்தில் முதல் மாலை அவனுக்கு. அந்த வெள்ளி எந்த வழியாக வந்தது என்று மாலை போட்ட குருக்களும் கேட்கவில்லை, வாங்கிக்கொண்ட சாமியும் கேட்கவில்லை.

சில நாட்களில் சுங்க இன்ஸ்பெக்டர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். உட்காரச் சொன்னார். சர்க்கார் உத்தியோகஸ்தர் மீன்காரியை உட்காரச் சொன்னால் ஏதோ வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். அவள் நின்றாள்.

"ஒரு பேரைச் சொல்லு போதும். அந்தக் கூடை யாருது? அப்பீலை வாபஸ் வாங்கச் சொல்லி நான் மேலே எழுதுறேன். நீ உன் மீனை விக்கலாம்."

"கூடைக்காரி பேரு வேணுமா, ஜரிகைக்காரன் பேரு வேணுமா?"

"ரெண்டும்தான்."

"கூடைக்காரி பேரு வராது. ஜரிகைக்காரன் பேரு எழுதிக்கோங்க. மயிலாப்பூரு தணிகாசலம்."

இன்ஸ்பெக்டரின் பேனா நின்றது. "பார்த்துப் பேசு. அவர் யார் தெரியுமா?"

"தெரிஞ்சிதானே சொல்றேன்."

"சாட்சி இருக்கா?"

"நான் சொல்றேனே."

"நீ குற்றவாளி. உன் பேச்சு அந்த மாதிரி மனுஷர் மேலே செல்லாது."

"எம் பேச்சு செல்லாதுன்னா, கூடைக்காரி மேல மட்டும் எப்டி செல்லும்?"

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். ஒரு பெண்ணின் வாய்ப்பேச்சை மட்டும் வைத்து வழக்குப் போட முடியாது என்பது சரிதான். ஆனால் மயிலாப்பூரில் ஒரு கிடங்கு இருந்தது. அதற்கு ஒரு பூட்டு இருந்தது. பூட்டைத் திறக்கச் சொல்லும் அதிகாரம் இன்ஸ்பெக்டருக்கு இருந்தது. மீன்காரியின் கூடையை நடுரோட்டில் கொட்டத் தெரிந்த இலாகாவுக்கு அந்தக் கிடங்கு மட்டும் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போயிற்று.

சர்க்கார் செய்யாததைத் தானே செய்வது என்று கெங்கம்மா முடிவு செய்தாள். திருவான்மியூரைத் தாண்டிச் சாலையோரத்தில் ஒரு சுமைதாங்கிக் கல் இருந்தது. குப்பத்துப் பெண்கள் எல்லாரும் அங்கே கூடையை இறக்கி மூச்சு வாங்குவார்கள். கனத்த கூடையைத் தனியாகத் தலைக்கு ஏற்ற முடியாது. இன்னொருத்தி கை கொடுக்க வேண்டும். கேட்டால் மறுக்கக் கூடாது என்பது வழக்கம். அன்று குப்பம்மா, "ஒரு கை குடுடி" என்று கேட்டபோது கெங்கம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"மொதல்ல கொட்டு."

"இன்னாத்த?"

"கூடைய. அடியில இன்னா கீதுன்னு எல்லாரும் பாக்கட்டும். அப்பறம் தூக்கி உடறேன்."

"உனக்கு ஜெயில் பயத்துல புத்தி கலங்கிடுச்சாடி? கோர்ட்டுல ஏறி, கிளறவே மாட்டோம்னு உனக்காகச் சாட்சி சொன்னவ நானு. என் கூடையவே கிளறச் சொல்றியா? உன் வூட்டு வலை கிழியும்."

"வலை கிழிஞ்சா ஊசி கீது, நூலு கீது, தெச்சுக்கலாம். நம்ம பேரு கிழிஞ்சா எத்தால தெக்கிறது? கிளறாம இருந்ததாலதானே எவனோ நம்ம தலையில கடை வச்சிக் கீறான்."

குப்பம்மா வைதுகொண்டே போய் வேறு ஒருத்தியைத் தூக்கிவிடச் சொன்னாள். பல நாட்கள் கெங்கம்மாவிடம் யாரும் கை கேட்கவில்லை. அவளுக்கும் யாரும் கை கொடுக்கவில்லை. கூடையில் பாதி மீன் போட்டுக்கொண்டு தானே தூக்கிப் போனாள். ஒவ்வொரு நாளும் கல்லருகில் நின்று தன் கூடையை மட்டும் எல்லாருக்கும் முன்னால் கொட்டிக் காட்டிவிட்டு மறுபடி நிரப்பிக்கொள்வாள். "கூத்துக்காரி" என்று சிரித்தார்கள்.

பிறகு மழை நாள் ஒன்றில் குப்பம்மா கடைசியாக வந்து சேர்ந்தாள். கல்லருகே கெங்கம்மாவைத் தவிர வேறு யாரும் இல்லை. குப்பம்மா அவளை முறைத்துப் பார்த்தாள். பிறகு கூடையைத் தடாலென்று கவிழ்த்தாள்.

"பாத்துக்க. மத்தி, நெத்திலி, உன் மூஞ்சி மாதிரி ஒரு காரப்பொடி மீனு. போதுமாடி, சுங்கத்துக்காரி?"

"காரப்பொடிய எனக்குக் குடு. என் மூஞ்சிக்கு நானே வெல வச்சுக்கறேன்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே கெங்கம்மா கை கொடுத்தாள்.

குப்பம்மா கொட்டிவிட்டாள் என்றால் மற்றவர்கள் கொட்டாமல் இருப்பார்களா? அடுத்த வாரத்துக்குள் சுமைதாங்கியில் கூடையைக் கவிழ்த்துக் காட்டுவது கைப்பழக்கமாகிவிட்டது. கவிழ்க்கத் தயங்கியவளைப் பார்த்து மற்றவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். ஒருநாள் ஒரு கூடையிலிருந்து மெழுகுத்துணிப் பொட்டலம் மணலில் உருண்டது. கூடைக்காரி அழுதாள். அவள் வீட்டு மரமும் தணிகாசலத்தினுடையதுதான். பெண்கள் பொட்டலத்தைத் தொடப் பயந்து நின்றார்கள்.

"கல்லு மேல வையுங்க. வேண்டியவன் வந்து எடுத்துக்கினு போவட்டும்" என்றாள் கெங்கம்மா.

வைத்துவிட்டு நடந்தார்கள். திரும்பி வரும்போது பொட்டலம் அங்கே இல்லை. அதற்குப் பிறகு பாலவாக்கத்துக் கூடையில் ஜரிகை ஏறவில்லை. ஆயிரம் கூடைகள் கிளறப்பட்டிருக்கும். யார் வீட்டு வலையும் அதனால் கிழியவில்லை. வழக்கம்போல் சுறாவும் பாறையும்தான் கிழித்தன.

கூடை என்ற வண்டி நின்றதும் வண்டிக்காரன் தணிகாசலத்துக்கு வலித்தது. கணக்கப்பிள்ளை அங்கமுத்து குப்பத்துக்கு வந்தான். குப்பத்துத் தலைவரான நாட்டார் தேசப்பன், அம்மன் கோயிலுக்கு முன்னால் பஞ்சாயத்தைக் கூட்டினார். ஒரு தட்டில் கற்பூரம் எரிந்தது. அங்கமுத்து இனிமையாகவே ஆரம்பித்தான்.

"இதோ பாரும்மா, முதலாளிக்கு உன் மேல கோபம் இல்லே. பாவம் ஏழைன்னு இரக்கப்படறாரு. பெரிய பாரிஸ்டரா வைக்கறேங்கறாரு. அபராதம் போட்டா அவரே கட்டறேங்கறாரு. நீ செய்ய வேண்டியது ரெண்டே ரெண்டு. அந்தக் கொட்டிக் காட்டற கூத்த நிறுத்து. அப்புறம், அவர் பேர எந்த இடத்துலயும் சொல்ல மாட்டேன்னு கற்பூரத்த அணைச்சுச் சத்தியம் பண்ணு."

"அவருக்கும் ஜரிகைக்கும் சம்மந்தம் இல்லன்னுதானே சொல்றாரு? சம்மந்தம் இல்லாதவரு எதுக்கு எனக்கு அபராதம் கட்டணும்?"

"தர்மத்துக்கு."

"அந்தத் தர்மத்தப் பக்கத்துக் குடிசைக்குச் செய்யச் சொல்லு. மரத்தப் புடுங்குவேன்னு பயம் காட்டறதை நிறுத்துனா போதும், அதுவே பெரிய தர்மம்."

"வாய அடக்கு" என்றான் அங்கமுத்து. "முதலாளி மயிலாப்பூர் கோயில்ல கற்பூரம் அணைச்சிருக்காரு, தனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு. தெய்வம் சும்மா விட்டிருக்குமா?"

"சும்மாதான் உட்டுக் கீதே. நல்லாத்தானே கீறாரு."

கூட்டத்தில் சிலர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தேசப்பன் கோலைத் தரையில் தட்டினார். "கெங்கம்மா, அம்மன் பேரையே உனக்கு வச்சிக் கீது. அம்மன் முன்னால நின்னுக்கினு இப்டிப் பேசறியே."

"நாட்டாரே, எரியற கற்பூரத்துல கைய வச்சா சுடும். நெசம் சொன்னவனுக்கும் சுடும், பொய் சொன்னவனுக்கும் சுடும். அதுக்கு ஆளு தெரியாது. நான் கோர்ட்டுல உள்ளதச் சொன்னேன், அங்க கற்பூரம் இல்ல. அவரு கற்பூரத்து மேல இல்லாததச் சொல்லிட்டு வந்துக் கீறாரு. எது நெசம்னு கற்பூரமா சொல்லிச்சு?"

நான் படித்த தர்க்க சாஸ்திரப் புத்தகங்கள் எல்லாம் இந்த இடத்துக்கு வந்து சேர ஐம்பது பக்கம் எடுத்துக்கொள்கின்றன. கற்பூரம் எரியக் காற்றுப் போதும், சத்தியம் தேவையில்லை.

சத்தியம் செய்யாவிட்டால் குப்பத்தில் நெருப்பும் தண்ணீரும் கிடையாது என்று தேசப்பன் கட்டுப்பாடு போட்டார். பக்கிரி அப்போதுதான் எழுந்தான். "அவ சொன்னதுதான் எங்க வூட்டுப் பேச்சு" என்றான். அதைச் சொல்லிவிட்டு அவள் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான். மறுநாள் விடியலில் கட்டுப்பாடு உடைந்தது. உடைத்தவள் குப்பம்மா. நாட்டார் வீட்டு வாசல் வழியாகவே வந்து, கெங்கம்மாவின் கூடைக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டுப் போனாள்.

மேல்கோர்ட்டில் இரண்டு நீதிபதிகள், ஒரு வெள்ளைக்காரர், ஒரு நம்மவர். எல்லாம் இங்கிலீஷில் நடந்தது. யாருடைய மூன்று மாதத்தையோ ஆறு மாதத்தையோ பற்றிப் பேசுகிறார்களோ, அவளுக்கு மட்டும் அங்கே ஒரு வார்த்தையும் புரியாதபடி ஏற்பாடு. சர்க்கார் வக்கீல் இரண்டு விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். கனம் தெரிந்தது என்று அவளே ஒப்புக்கொள்கிறாள். ஆகவே உள்ளே இருந்ததும் தெரியும். கூடைக்காரி பெயரை மறைக்கிறாள், ஆகவே கூட்டு. பிறகு மூன்றாவதாக ஒன்று போட்டார். "கூடையைக் கிளறாதது மீற முடியாத வழக்கம் என்றார்கள். இதே பெண் இப்போது சாலையில் நின்று எல்லார் கூடையையும் கிளறுகிறாள் என்று கேள்விப்படுகிறேன். மீற முடியாத வழக்கம் எங்கே போயிற்று?"

உமர் ஃபாரூக் துள்ளி எழுந்தார். இது சாட்சியத்தில் இல்லாத விஷயம், காதில் விழுந்ததை எல்லாம் கோர்ட்டில் கொட்டக் கூடாது என்று ஆட்சேபித்தார். ஆட்சேபம் சரி, அதை நாங்கள் கவனிக்க மாட்டோம் என்றார் வெள்ளைக்கார நீதிபதி. ஆனால் கேட்டதைக் கேட்காத காதாக்க எந்த நீதிபதியாலும் முடியாது. ஏமாந்தவள் விழித்துக்கொண்டாள் என்பதே, அவள் ஏமாறவில்லை என்பதற்கு ஆதாரமாகிவிட்டது. கடத்தலைச் சர்க்கார் நிறுத்தவில்லை, அவள் நிறுத்தினாள். அதற்குச் சர்க்கார் கொடுத்த சன்மானம் இது.

அப்பீல் சர்க்கார் பக்கம் தீர்ந்தது. விடுதலை ரத்து. நூறு ரூபாய் அபராதம், கட்டாவிட்டால் மூன்று மாதம் கடுங்காவல்.

வக்கீல் தாழ்வாரத்தில் நின்று அவளுக்குத் தமிழில் சொன்னார். சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்குள் அங்கமுத்து பணப்பையோடு குமாஸ்தாவின் மேஜைக்கு முன்னால் போய் நின்றிருந்தான். சிறைக்குப் போன வாய் என்ன பேசுமோ என்ற பயம் அவன் முதலாளிக்கு. அபராதம் கட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டால், ஊர் பார்வையில் அவள் தணிகாசலத்தின் ஆள். அப்புறம் அவள் பேச்சை யார் நம்புவார்கள்?

"கட்டட்டும் கெங்கம்மா" என்றார் வக்கீல் மெதுவாக. "எவன் பணமா இருந்தா என்ன? மூணு மாசம் கல்லு உடைக்கிறது விளையாட்டில்லே."

"அவன் கட்டினா நான் அவன் ஜரிகையச் சொமந்தவதான்னு ஆயிடும் சாயபு. தெரிஞ்சே சொமந்தவ."

அவள் மேஜையை நோக்கி நடந்தாள். கடைத்தெருக் குரலில், தாழ்வாரம் முழுக்கக் கேட்கும்படி பேசினாள்.

"குமாஸ்தா ஐயா, அந்தத் துட்டு என்னுது இல்ல. மயிலாப்பூரு ஜரிகைக்கடை தணிகாசலத்தோட துட்டு. வாங்கறதுன்னா வாங்கிக்கோங்க. ரசீதுல கட்டுனது அவருன்னு அவரு பேர எழுதுங்க. எதுக்குக் கட்டறாருன்னும் கேட்டு எழுதுங்க."

தாழ்வாரத்தில் நின்ற வக்கீல்களும் கட்சிக்காரர்களும் பத்திரிகை நிருபர் ஒருவரும் திரும்பிப் பார்த்தார்கள். குமாஸ்தா பேனாவை மையில் தொட்டுக்கொண்டு அங்கமுத்துவை நிமிர்ந்து பார்த்தார்.

"எந்தத் தணிகாசலம்? விலாசம் சொல்லும்."

அங்கமுத்துவின் கை மேஜையிலிருந்து பின்வாங்கியது. பணப்பை மடிக்குள் போயிற்று. "நான் வேற காரியமா வந்தேன்" என்று சொல்லிவிட்டு மாடிப்படியில் வேகமாக இறங்கினான்.

"இன்னா கணக்கப்புள்ள, தர்மம் தீந்துடுச்சா?" என்று அவன் முதுகைப் பார்த்துக் கேட்டாள் கெங்கம்மா.

மறுநாள் பத்திரிகையில் நாலு வரி வந்தது. மீன்காரியின் பெயர் இருந்தது. தணிகாசலம் பெயர் இல்லை. ஆனால் ராயப்பேட்டை மீன் கடைத்தெருவிலும், மயிலாப்பூர் குளக்கரையிலும், ஜட்கா ஸ்டாண்டிலும் அன்று விற்ற பெயர் அதுதான். அந்த வருஷத்து உற்சவத்தில் முதல் மாலை போட்டுக்கொள்ள அவன் உடம்பு சரியில்லை என்று வரவில்லை.

தீர்ப்பு வந்த அன்று சாயங்காலமே கெங்கம்மாவைப் பெண்கள் சிறைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். வாசலில் இருந்த ரைட்டர் பெரிய புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு பெயர், ஊர், வயது என்று வரிசையாகக் கேட்டு எழுதினான்.

"குற்றம்?"

"தணிகாசலத்தோட ஜரிகை."

"உன் குற்றத்தைக் கேட்டேன். அடுத்தவன் பேரு எழுத இதுல எடம் இல்லை."

கெங்கம்மா குனிந்து புத்தகத்தைப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது; எது எழுதியது, எது எழுதாதது என்று தெரியும்.

"ஓரத்துல இவ்ளோ எடம் கீதே" என்று விரலை வைத்துக் காட்டினாள். "அங்க எழுது."